கிள்ளான் பாதியும் மானகிரிப் பாதியும்

காரைக்குடியில் நான் முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்த டிரை கிளீனிங் கடைக்குப் போன மாதம் புது எந்திரம் ஒன்று வந்தது. துணியை உள்ளே போட்டுக் கதவைச் சாத்தினால் மிச்சத்தை அதுவே பார்த்துக்கொள்ளுமாம். திறப்பு விழாவுக்கு ஓய்வுபெற்ற என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். "அண்ணே, நம்ம கடைப் பிள்ளைகளுக்கு உங்க அனுபவத்தை ஒரு அஞ்சு நிமிசம் சொல்லுங்க" என்றார் இப்போதைய முதலாளி. நான் மதுரையில் தொழில் பழகிய காலத்திலிருந்து ஆரம்பித்தேன். மதுரையை விட்டுக் கிளம்புவதற்குள் பஜ்ஜி ஆறிவிட்டது. ஒலிபெருக்கி நின்றுபோனது. கரண்டு போய்விட்டது என்றார்கள். தலைக்கு மேல் மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது.

கிளம்பும்போது தேய்ப்பு மேசையில் வேலை பார்க்கும் பெண் ஒருத்தி, "மிச்சத்தை எழுதிக் குடுங்கண்ணே, படிச்சுக்கிறோம்" என்றாள். என் பேச்சிலிருந்து தப்பிக்க அது எவ்வளவு நாகரிகமான வழி என்பது வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றும்போதுதான் உறைத்தது. ஆனாலும் கேட்டுவிட்டாள். எழுதுகிறேன்.

மதுரையை இந்த முறை சுருக்கிவிடுகிறேன். பத்தாம் வகுப்பில் கணக்குப் பாடம் என்னைக் கைவிட்டது. மாமா ஒருவர் மதுரையில் ஒரு சலவைக் கடையில் சேர்த்துவிட்டார். முதலில் மூட்டை தூக்கினேன், பிறகு தேய்த்தேன், பிறகு கறை எடுக்கப் பழகினேன். கையில் சூட்டுத் தழும்பு இல்லாத இடம் குறைவு என்ற நிலையில் ஊர் திரும்பினேன். அவ்வளவுதான் மதுரை.

காரைக்குடியில் எனக்கு வேலை கொடுத்தவர் தெய்வானை ஆச்சி. கடையை ஆரம்பித்தவர் அவர் கணவர். அவர் திடீரென்று இறந்துபோனபோது, செட்டி வீட்டுப் பெண் சலவைக் கடையில் உட்காருவதா என்று உறவினர்கள் கடையைக் கைமாற்றிவிடச் சொன்னார்களாம். காரியம் முடிந்த மறுவாரம் ஆச்சி வந்து கல்லாவில் உட்கார்ந்துகொண்டார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. கோபம் ஏற ஏறக் குரல் இறங்கும். உதடு மட்டும் அசைந்தால் அன்றைக்கு நாங்கள் யாரும் டீ குடிக்கப் போகமாட்டோம்.

கறையோடு ஒரு துணி வந்தால் ஆச்சி செய்வது எப்போதும் ஒன்றுதான். இரண்டு கையிலும் ஏந்தி வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோவார். முன்பக்கம் பார்ப்பார், திருப்பிப் பின்பக்கம் பார்ப்பார். மூக்குக்கு அருகில் கொண்டுபோய் ஒரு மூச்சு இழுப்பார். அப்புறம் வந்தவரிடம், "யாரு கட்டுனது? எங்க கட்டிட்டுப் போனாக? அங்க என்ன சாப்பிட்டாக?" என்று விருந்தாளியிடம் நலம் விசாரிப்பதுபோலக் கேட்பார். கறை போய்விடும் என்றோ போகாது என்றோ ஒருநாளும் சொன்னதில்லை. "பாப்போம், வச்சுட்டுப் போங்க" என்பதுதான் அவர் கொடுக்கும் அதிகபட்ச உத்தரவாதம்.

எனக்கு அந்தப் பொறுமை கிடையாது. துணியைத் தூரத்தில் பார்த்தே, "இது கிரீஸ், இது வெத்தலை, இது மாதுளம்பழம்" என்று அறிவித்துவிடுவேன். ஆச்சி "அப்படியா" என்பார். அந்த "அப்படியா" சம்மதமா சந்தேகமா என்பது முப்பது வருடத்தில் எனக்குப் பிடிபடவில்லை.

என்னைப் பற்றி எனக்கு இருந்த அபிப்பிராயத்துக்கு ஒரு சான்று சொல்கிறேன். வேலையில் சேர்ந்து கொஞ்ச காலத்தில், யாரையும் கேட்காமல், என் பெயருக்குக் கீழே 'கறை நிபுணர்' என்று போட்டு விசிட்டிங் கார்டு அடிக்கக் கொடுத்தேன். அச்சகத்துக்காரர் 'கரை நிபுணர்' என்று அடித்துவிட்டார். கட்டுக் கட்டாக அடித்த கார்டைத் தூக்கிப் போட மனமில்லை. ஒரே ஓர் எழுத்துத்தானே, யார் கவனிக்கப் போகிறார்கள் என்று விநியோகித்துவிட்டேன். அடுத்த மழைக்காலத்தில் ஒரு பெரியவர் சைக்கிளை நிறுத்திவிட்டுக் கடைக்குள் வந்தார். கையில் என் கார்டு.

"கரை பாக்குறவுக நீங்கதானா?"

"ஆமாய்யா. எதுல பட்டிருக்கு?"

"எதுலயும் படல. உடைஞ்சுபோச்சு. எங்க கண்மாய்ல தெக்குக் கரை. நீங்க ஒரு எட்டு வந்து பாத்தீகன்னா நல்லாருக்கும்."

ஆச்சி கல்லாவிலிருந்து நிமிராமலே, "போய்ட்டு வா முத்து. கரை உடைஞ்சதுக்கு என்ன மருந்து போடணும்னு பாத்துட்டு வா" என்றார். மிச்சக் கார்டுகளை அன்றே அடுப்பில் போட்டேன்.

புத்தி வந்ததா என்றால் இல்லை. ஒரு பங்குனியில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் பட்டு வேட்டி கொண்டுவந்தார். மடியில் கருஞ்சிவப்பாக, ஓரம் காய்ந்து, ஒரு பெரிய திட்டு. நான் ஆச்சியின் காதருகே குனிந்து, "ரத்தம் ஆச்சி. பழைய ரத்தம். நம்ம இதைத் தொடலாமா, இல்ல யார்கிட்டயாவது சொல்லணுமா?" என்றேன். தலைமையாசிரியர் சாதுவாக நின்றுகொண்டிருந்தார். சாதுவாக இருப்பவர்கள்தான் என்று எனக்குள் ஒரு கதை ஓடத் தொடங்கியிருந்தது. ஆச்சி வேட்டியை வாசலுக்குக் கொண்டுபோனார், திருப்பினார், மோந்தார்.

"சாரு, விசேசத்துல என்ன இனிப்புப் போட்டாக?"

"கவுனி அரிசி ஆச்சி. இலையில வச்சாக, பேசிக்கிட்டே இருந்தேன், நழுவி மடியில விழுந்துருச்சு."

வேகவைத்தால் கருஞ்சிவப்பாகிற அரிசி. ஆச்சி என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால்கூடப் பரவாயில்லை.

இவ்வளவும் சொன்னது, அடுத்து வரும் விஷயத்தில் என்னை யாரும் பெரிய ஆளாக நினைத்துக்கொள்ளக் கூடாது என்பதற்காக. என் வேலை நாட்களில் என்னை நிஜமாகவே திணறடித்தது அந்த ஒன்றுதான். அதில் கறையே கிடையாது.

நான் ஓய்வுபெறுவதற்குச் சில வருடங்களுக்கு முன், ஒரு தை மாதத்தில் இரண்டு பெண்கள் கடைக்கு வந்தார்கள். இரண்டு பேருக்கும் அறுபதைத் தாண்டிய வயது. மூத்தவர் பாக்கியம், கட்டிக்கொண்டு போனது மலேசியாவில் கிள்ளானுக்கு. இளையவர் சரோஜா, இங்கே மானகிரியில் வாழ்க்கைப்பட்டவர். அக்கா ஒரு பிளாஸ்டிக் உறையிலிருந்தும் தங்கை ஒரு மஞ்சள் பையிலிருந்தும் ஆளுக்கொரு துணியை எடுத்து மேசையில் வைத்தார்கள். ஒவ்வொன்றும் ஒரு கஜத்துக்குக் கொஞ்சம் கூட இருக்கும். ரோஜா நிறத்தில், குறுக்கே அலை அலையாக வரி ஓடும் துணி.

"எங்க ஆத்தா துணி தம்பி. பர்மாப் பட்டு" என்றார் பாக்கியம்.

பிறகு அவரே கதையைச் சொன்னார். அவர்கள் அப்பா பர்மாவில் ஒரு அரிசி ஆலையில் வேலை பார்த்தவர். பெண்கள் இரண்டு பேரும் பிறந்தது அங்கேதான். அந்நியர்கள் எல்லாம் வெளியேற வேண்டும் என்று ஆனபோது, அடுத்த வீட்டுப் பர்மாக்காரப் பெண் ஒருத்தி அழுதுகொண்டே வந்து, தன் கல்யாணத்துக்குக் கட்டிய துணியை இவர்களுடைய அம்மாவுக்குக் கொடுத்தாளாம். அம்மா அதை இடுப்பில் சுற்றி, மேலே நூல்சேலையைக் கட்டிக்கொண்டு கப்பல் ஏறினார். துறைமுகத்தில் வளையலைக் கழற்றச் சொன்னார்கள், தோட்டைக் கழற்றச் சொன்னார்கள், சின்னப் பெண்ணின் கொலுசைக்கூட விடவில்லை.

"அவுக தங்கத்தைத்தான் தேடுனாக. துணியை யாரு தேடுவா? அந்த நாட்டுலருந்து எங்ககூட வந்தது நாங்க நாலு பேரும் இந்தத் துணியும்தான்" என்றார் பாக்கியம். "ஊருக்கு வந்ததும் ஆத்தா கத்திரிய எடுத்து நடுவுல ஒரே வெட்டு. ரெண்டு பொண்ணு, ரெண்டு துண்டு."

இப்போது அந்த இரண்டு துண்டும் சேரப்போகின்றன. பாக்கியத்தின் மகள் பிள்ளைக்கு சரோஜாவின் மகன் பெண்ணைப் பேசி முடித்திருந்தார்கள். அத்தை மகன், மாமன் மகள் முறை. இரண்டு பாதியையும் ஒன்றாகத் தைத்து மணப்பலகையில் விரிக்க வேண்டும், அதில்தான் பிள்ளைகள் உட்கார வேண்டும் என்பது பாக்கியத்தின் ஆசை. அதற்காகவே முகூர்த்தத்துக்கு முன்கூட்டி வந்திருந்தார்.  சரோஜா எங்கள் கடையில் தொங்கும் துணிகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரே ஒரு சிக்கல் தம்பி" என்றார் பாக்கியம். "ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாருங்க."

பார்த்தேன். கிள்ளான் துண்டு வெளுத்துப்போய், வாடிய பூப்போல இருந்தது. மானகிரித் துண்டு பளபளவென்று இருந்தது.

"எல்லாம் என் கூறுகெட்டதனம். அந்த ஊரு மழையும் புழுக்கமும். தீவாளிக்கு ஒருக்கா, பிள்ளைக பிறந்தப்ப ஒருக்கான்னு எடுத்து எடுத்துப் போத்தி நான் கெடுத்துப்புட்டேன். அவ பாருங்க, எப்படி வச்சிருக்கா. புதுசாட்டம். என் துண்டுல சாயத்தை ஏத்தி அவளுது மாதிரி ஆக்கிக் குடுங்க."

ஆச்சி வழக்கம்போல இரண்டையும் வாசலுக்குக் கொண்டுபோனார். மோந்தார். ஆனால் வழக்கமான கேள்விகள் எதையும் கேட்கவில்லை. "வச்சுட்டுப் போங்க. வெள்ளிக்கிழமை வாங்க" என்றார்.

மறுநாள் வேலையை ஆரம்பித்தேன். சாயம் ஏற்றுவதற்கு முன் இரண்டையும் சுத்தம் செய்ய வேண்டும். கிள்ளான் துண்டின் ஓரத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு வெள்ளைத் துணியால் ஒற்றினேன். லேசாக நிறம் ஒட்டியது. தண்ணீரே காட்டக் கூடாது என்று குறித்துக்கொண்டேன். மானகிரித் துண்டுக்குப் பின்பக்கம் முழுக்கப் பருத்தியில் அடித்துணி வைத்துத் தைத்திருந்தது. அதை வைத்துக்கொண்டு சுத்தம் செய்தால் ஒன்று சுருங்கும், இன்னொன்று சுருங்காது. எனவே தையலைப் பிரித்தேன். பிரித்துத் துணியைத் திருப்பிப் போட்டேன்.

பின்பக்கம் வெளிறிக் கிடந்தது. அலையெல்லாம் முன்பக்கத்தில்தான். கிள்ளான் துண்டைத் திருப்பினேன். அதில் முன்னும் பின்னும் ஒன்றுபோல அலை ஓடியது. அது தறியில் இழை இழையாகக் கோத்து நெய்தது. மானகிரித் துண்டில் இருந்தது அச்சு.

எழுந்து நின்றுவிட்டேன். துக்கத்தால் அல்ல, உண்மையைச் சொல்லிவிடுகிறேன். கண்டுபிடித்துவிட்டேன் என்ற குஷியால். மடிப்பின் உள்ளிருந்து இரண்டிலும் ஒவ்வோர் இழை உருவினேன். சாமணத்தில் பிடித்து மெழுகுவர்த்திச் சுடரில் காட்டினேன். கிள்ளான் இழை சுடரைக் கண்டு சுருண்டு பின்வாங்கியது. முடி பொசுங்கும் நாற்றம். நுனியில் கறுப்பாக ஒரு மணி, விரலால் அழுத்தியதும் பொடிந்தது. அது பட்டு. மானகிரி இழை குப்பென்று பற்றி ஒரு நொடியில் போனது. காகிதம் எரிந்த வாசனை. அது ரேயான், மரக்கூழிலிருந்து எடுத்த நூல்.

"ஆச்சி!" என்று நான் கூவியது தெருவுக்கே கேட்டிருக்கும்.

ஆச்சி வந்தார். நான் சாட்சிகளை வரிசையாக வைத்து விளக்கினேன். இது நெசவு, அது அச்சு. இது முடி நாற்றம், அது காகித நாற்றம். இரண்டும் ஒரே துணியின் பாதி கிடையாது. ஒன்றுதான் பர்மாப் பட்டு. மற்றது கடைத்துணி. அந்தம்மா கேட்டதுபோல் செய்தால், நிஜப் பட்டின் மேல் சாயத்தை ஊற்றி டூப்ளிகேட்டைப்போல ஆக்கியவர்களாவோம்.

"அப்படியா" என்றார் ஆச்சி. பிறகு, "அந்தச் சின்னவுக நேத்து நம்ம துணியெல்லாம் எண்ணிக்கிட்டு நின்னாகளே, பாத்தியா?" என்றார்.

"அதுக்கும் இதுக்கும் என்ன ஆச்சி?"

"அவுகளுக்குத் தெரியும்."

எனக்கு அந்தக் கோணமே தோன்றவில்லை. இழையைக் கொளுத்திய சந்தோஷத்தில் ஆளை மறந்திருந்தேன்.

"அந்தக் காலத்துல அடித்துணி வச்சுத் தச்சுக் குடுத்தவுக, பின்பக்கம் தெரியக் கூடாதுன்னுதான் தச்சிருக்காக" என்ற ஆச்சி குரலை இறக்கினார். "முத்து, வெள்ளிக்கிழமை நான் சின்னவுகளைத் தனியாக் கூப்பிட்டுப் பேசிக்கிறேன். நீ வாயத் திறக்கக் கூடாது. சாயம் ஏறாதுன்னு மட்டும் சொல்லு. ஏன்னு கேட்டா ஏறாதுன்னே சொல்லு."

வெள்ளிக்கிழமை சின்னவர் தனியாக வரவில்லை. இருவரும் ஒன்றாகவே வந்தார்கள். ஆச்சிக்குத் தனியாகப் பேச இடம் கிடைக்கவில்லை. பாக்கியம் நேராக என்னிடம் வந்தார்.

"ஆச்சா தம்பி?"

"சாயம் ஏறாதும்மா."

"ஏன் ஏறாது?"

ஏறாது என்று மட்டும் சொல்லியிருக்கலாம். ஆனால் நான் நிபுணர் அல்லவா. "அது வந்தும்மா, பர்மாப் பட்டுல ஒரு எண்ணெய்ப் பசை இருக்கும். கடல் காத்துப் பட்டா அது இறுகிரும். கிள்ளான் கடலோரம். அதனால துணி வாயை மூடிக்கிரும்" என்றேன்.

"துணி வாயை மூடிக்கிருமா?"

"ஆமாம்மா. மூடிக்கிட்டா திறக்காது."

ஆச்சி கண்ணை மூடிக்கொண்டார். பாக்கியம் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "எங்க ஊருல எங்க வீட்டுக்குப் பக்கத்துலயே முப்பது வருசமா சாயக்கடை இருக்கு தம்பி. பட்டுல ஏறாத சாயம்னு ஒண்ணு கிடையாது. எதையோ மறைக்கிறீக. துணியக் கெடுத்துப்புட்டீகளா? எடுங்க பாப்போம்."

சரோஜா குறுக்கே வந்தார். "அவுகளை விடுக்கா. உன் துண்டைத் தொட வேணாம். என்னோடதை மங்க வைக்கச் சொல்லு. வெயில்ல போடட்டும், சோடாவுல ஊற வைக்கட்டும். உன்னுது மாதிரி வெளுத்துப் போகட்டும்."

"கிறுக்கு பிடிச்சிருக்கா? நல்லா இருக்கிறதை எதுக்குடி கெடுக்கணும்? கெட்டதைத்தான் சரி பண்ணணும்."

"என்னோடதைத்தான் கெடுக்கணும்."

"ஆத்தா துணிடி அது!"

என் வேலை நாட்களில் எத்தனையோ வாடிக்கையாளர்கள் துணியைக் கெடுத்துவிட்டாய் என்று சண்டைக்கு வந்திருக்கிறார்கள். என் துணியைக் கெடு, என் துணியைக் கெடு என்று இரண்டு பேர் போட்டி போட்டதை அன்றைக்குத்தான் பார்த்தேன். யார் பக்கம் திரும்புவது என்று தெரியாமல், "வேணும்னா ரெண்டையும் கொஞ்சம் கொஞ்சம் கெடுப்போம்" என்றேன். யாரும் சிரிக்கவில்லை.

ஆச்சி எழுந்து வாசல் ஷட்டரைப் பாதி இறக்கினார். நீராவி மேசையை அணைக்கச் சொன்னார். அதன் இரைச்சல் நின்றதும் கடை திடீரென்று பெரிதாகிவிட்டதுபோல இருந்தது. இரண்டு பேருக்கும் நாற்காலி போட்டார்.

"சொல்லிருங்க சரோஜா. இல்லேன்னா இவுக அந்தப் பட்டைச் சாயத்துல முக்காம விடமாட்டாக."

சரோஜா நெடுநேரம் புடவைத் தலைப்பைச் சுருட்டிக்கொண்டிருந்தார். பிறகு அக்காவைப் பார்க்காமல், மேசையைப் பார்த்துச் சொன்னார்.

"என்னோட துண்டு எப்பவோ போச்சுக்கா. ஆத்தாகூடவே போச்சு."

அம்மா இறந்தபோது பாக்கியம் கிள்ளானில் நிறைமாதம். தந்தி போய்ச் சேர்ந்தும் வர முடியவில்லை. வீட்டில் அப்பாவும் கல்யாணமாகாத சரோஜாவும்தான். கடைசி நாட்களில் அம்மாவுக்குக் காய்ச்சலில் நடுக்கம். எந்தப் போர்வைக்கும் குளிர் அடங்கவில்லை. நினைவு தப்பிப் பர்மா மொழியில் பேசினாராம். அடுத்த வீட்டுக்காரியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாராம்.

"என் பொட்டியத் திறந்து அந்தத் துணியை எடுத்துப் போத்தினேன். கைய வச்சுத் தடவிப் பாத்தாக. அப்பறம்தான் தூங்குனாக. அந்தத் தூக்கத்துலயே போய்ட்டாக. குளிப்பாட்டுறப்ப எல்லாரும் எடுன்னாக. எனக்கு எடுக்க மனசு வரல. அப்பாவும் விட்ருன்னுட்டாக. அதோடயே கொண்டுபோய்த் தீயில வச்சாச்சு."

"அப்ப இது?" என்று மேசையில் இருந்த பளபளப்பைக் காட்டினார் பாக்கியம்.

"என் கல்யாணத்துக்கு அப்பா குடுத்தாக. பர்மாவுலருந்து வந்தவுக மதுரையில கடை போட்டிருந்த தெருவுல தேடித் தேடி வாங்கியாந்திருக்காக. பின்னால துணி வச்சுத் தச்சு, இந்தாத்தா உன் பாதின்னாக. அக்காகிட்டச் சொல்லிராத, வர முடியலேன்னு ஏற்கெனவே அழுதுக்கிட்டுக் கிடக்கா, இதையும் கேட்டா இன்னும் அழுவான்னாக. அப்பறம் நீ வர்றப்பல்லாம் சொல்லணும்னுதான் நினைப்பேன். நீ உன் பாதியப் பத்திப் பெருமையாப் பேசுவ. நான் வாய மூடிக்குவேன்."

 நான் அந்தப் பக்கம் திரும்பி, ஏற்கெனவே மடித்து வைத்திருந்த ஒரு சட்டையைப் பிரித்து மறுபடி மடித்தேன். கோபப்படுவார், ஏமாற்றிவிட்டாய் என்பார், கல்யாணமே நின்றுபோகும் என்றெல்லாம் என் தலைக்குள் ஓடியது. ஆட்களைக் கணிப்பதில் என் திறமையைத்தான் முன்பே சொல்லியிருக்கிறேனே.

பாக்கியம் தன் வெளுத்த துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"எப்படிப் போத்துன? கால்லருந்தா?"

"கழுத்துலருந்து. மாரு மேல."

"முகத்தை மூடலையே?"

"இல்லக்கா. முகம் தெரிஞ்சுச்சு. நல்லாத்தான் இருந்தாக."

பாக்கியம் அந்தத் துணியையே தடவிக்கொண்டிருந்தார். "மக பிறந்த அன்னைக்கு இதைத்தான் போத்திக்கிட்டுக் கிடந்தேன்" என்றார். "ஆத்தா போய் மூணாம் நாளோ நாலாம் நாளோ. பக்கத்துல ஒருத்தரும் இல்ல. இத்தனை வருசமா நினைச்சு நினைச்சுச் சாவேன்டி, எங்க ஆத்தா கடைசி வழிக்கு என் கையால ஒரு துணி போட முடியலையேன்னு. அவுக மேலயும் இதுதான் கிடந்துச்சா?"

"இதே துணிதான்க்கா."

"இதை ஏன்டி எங்கிட்டச் சொல்லல? சொல்லியிருந்தா நான் இவ்வளவு நாளு அழுதிருக்க மாட்டேனே."

இரண்டு பேரும் அழுதார்கள். ஆச்சி தன் முந்தானையால் மேசையைத் துடைத்தார். அதில் தூசு எதுவும் இல்லை. நான் அந்தச் சட்டையை மூன்றாவது முறை மடித்தேன்.

கொஞ்ச நேரம் கழித்துப் பாக்கியம் என்னைக் கூப்பிட்டார். "தம்பி, இங்குட்டு வாங்க. ரெண்டுலயும் ஒண்ணும் பண்ண வேணாம். அழுக்கை மட்டும் எடுங்க. வெளுத்தது வெளுத்தபடி, மினுக்குறது மினுக்குறபடி இருக்கட்டும். அப்படியே சேத்துத் தச்சுக்கிறோம்." பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஏன் தம்பி, துணி வாயை மூடிக்கிரும்னீகளே, அந்த யோசனை உங்களுக்கு எங்கருந்து வந்துச்சு?" என்றார். சரோஜாவுக்கு முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் எல்லாருக்கும் வந்தது. எனக்கு மட்டும் கொஞ்சம் தாமதமாக வந்தது.

இரண்டையும் சுத்தம் செய்தேன். பட்டை வலைப் பைக்குள் வைத்துக் கையாலேயே மருந்தில் அலசி நிழலில் விரித்தேன். ரேயான் ஈரத்தில் பலம் இழக்கும் சாதி. அதற்கும் தண்ணீர் காட்டவில்லை. கடைக்குப் பக்கத்துத் தையல்காரர், இரண்டும் இரண்டு விதமாக இழுக்கும், எந்திரத்தில் தைத்தால் சுருக்கம் விழும் என்று கைவிரித்துவிட்டார். சரோஜா வீட்டிலேயே கையால் தைத்தார். பாக்கியம் பக்கத்தில் உட்கார்ந்து தையல் கோணல் என்று சொல்லிக்கொண்டே இருந்தாராம். தைத்துக் கொண்டுவந்ததை நான் நீராவி காட்டித் தேய்த்தேன். வேறு யாரையும் அன்றைக்கு அந்த மேசைக்கு அருகில் விடவில்லை.

கல்யாணத்துக்கு ஆச்சியும் நானும் மானகிரிக்குப் போனோம். பந்தலில் மணப்பலகை மேல் அந்தத் துணி விரித்திருந்தது. ஒரு பாதி மங்கல், மறுபாதி மினுக்கல். கிள்ளானிலிருந்து வந்த உறவுக்காரப் பெண்கள் சுற்றி நின்று செல்போனில் படம் எடுத்தார்கள். ஒருத்தி, "பாட்டி, ரெண்டும் வேற வேறயா இருக்கே, இதுல எது ஒரிஜினல்?" என்று கேட்டாள்.

எனக்கு நாக்கு துடித்தது. நெசவு, அச்சு, முடி, காகிதம் எல்லாம் வாய்வரைக்கும் வந்துவிட்டது. ஆச்சி என் பக்கம் திரும்பினார். உதடு மட்டும் அசைந்தது. நான் பந்தலின் வாழைமரத்தைப் பார்க்கத் தொடங்கினேன்.

"இந்தப் பக்கம் எங்க ஆத்தா" என்றார் பாக்கியம். "அந்தப் பக்கம் எங்க அப்பா. ரெண்டு பேருல எது ஒரிஜினல்னு என்கிட்டக் கேக்குறியே."

மேளம் மாறியது. மாப்பிள்ளையையும் பெண்ணையும் அழைத்துவந்தார்கள். அப்போதுதான் பார்த்தேன், பட்டும் ரேயானும் சேரும் தையலில், சரியாக நடுவில், ஒரு சுருக்கம்.  எத்தனை முறை நீராவி காட்டியும் எப்படித் தப்பியது? கூட்டத்தை விலக்கிக்கொண்டு இரண்டடி முன்னால் போனேன். ஒரே ஒரு முறை உள்ளங்கையால் அழுத்தி நீவிவிட்டால் போதும்.

அதற்குள் இரண்டு பேரும் அதன் மேல் உட்கார்ந்துவிட்டார்கள்.